நான் கும்பிட்டபோது நிற்காத பாட்டு

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாய். கல்யாண வரவேற்பில் நீயும் உன் ஆபீஸ் நண்பர்களும் வாசிக்கப் போகிறீர்கள், நடுவில் அம்மா ஏறி ஒரே ஒரு பாட்டுப் பாட வேண்டும், பெண் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது என்றாய். அம்மா ஒரு காலத்தில் திருநெல்வேலி ஜில்லா முழுக்க மேடை ஏறியவள் என்று நீ சொன்னபோது உன் வருங்கால மாமியார் பக்கத்தில் இருந்து "அப்படியா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. உன் குரலில் அவ்வளவு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை ஒரு வாக்கியத்தில் உடைக்க வாய் வரவில்லை. நேரில் வந்து சொல்லலாம் என்றால், பாதியில் ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படிக்குள் போய்விடுவேன். அது என் வழக்கம், நீ பார்த்து வளர்ந்தவன். அதனால் எழுதுகிறேன். நான் பாட மாட்டேன். ஏன் என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு என்னிடம் பேசு.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வயதில் ஒரு கேசட்டைப் போட்டால்தான் நீ தூங்குவாய். ஒரு கல்யாண வீட்டில் எங்கள் குழு பாடியதை மைக் செட்காரர் பதிவு செய்து கொடுத்தது அது. வீட்டில் அதற்கு "அம்மா பாட்டு" என்று பெயர். அதில் வருகிற பெண் குரல் என்னுடையது அல்ல. அது ஒரு ஆணின் குரல். அவர் பெயர் தேவசகாயம். இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனிச் சொல்லவும் முடியாது. நீயாவது பொய்யோடு மணமேடைக்குப் போக வேண்டாம்.

உன் ஆச்சி பீடி சுற்றிப் படிக்க வைத்த பிள்ளை நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். கல்லூரியில் மூன்று வருஷமும் வருகைப் பதிவுக்குப் பதில் சொன்னது தவிர என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. யாரிடமும் பேசாததால் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் சிரித்துக்கொண்டே பொறாமைப்படுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த அக்கா, நான் தனியாக இருக்கும்போது முனகுவதை ஒருநாள் கேட்டுவிட்டாள். அவளுடைய கணவர்தான் மணி அண்ணாச்சி. தாலுகா ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் கீபோர்டு. அவரும் அவரைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கிற ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். அண்ணாச்சி வீட்டுக்கே வந்து தாத்தாவிடம் கேட்டார். ஆச்சிதான் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே, "மேடையில ஆடணுமாய்யா?" என்று கேட்டாள். "ஆடவெல்லாம் வேண்டாம்க்கா. நின்னு பாடினாப் போதும்" என்றார் அண்ணாச்சி. "நிப்பா. நிக்கத்தான் அவளுக்குத் தெரியும்" என்றாள் ஆச்சி. அதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி.

ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஒத்திகை. சுவர் முழுக்கச் சாக்குப் பை அடித்திருப்பார்கள், சத்தம் தெருவுக்குப் போகாமலிருக்க. அங்கேதான் தேவசகாயம் அண்ணனை முதலில் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் வயது, அடர்ந்த மீசை, முழுக்கைச் சட்டை. ஓர் அச்சகத்தில் பைண்டர். விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்து தோல் போல உரிந்துகொண்டிருக்கும். சின்ன வயதில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் மேல் சுருதி பாடியவர். குரல் உடைந்த பிறகும் அந்தச் சின்ன வயதுக் குரல் அவரை விட்டுப் போகவில்லை. பேசினால் கட்டைக் குரல். பாட எடுத்தால் ஒரு பெண். ஆறு வருஷமாக அந்தக் குழுவில் பெண் பாட்டெல்லாம் அவர்தான். இடுப்பை அசைப்பது, கண்ணைச் சிமிட்டுவது ஒன்றும் கிடையாது. கோயிலில் நிற்பது போல நேராக நின்று பாடுவார். முதல் இரண்டு வரிக்கு ஜனங்கள் சிரிப்பார்கள், மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றுவிடும் என்று தபேலாக்காரர் சொல்வார்.

ஆனால் வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு விழாக் கமிட்டிகளின் முதல் கேள்வி மாறிவிட்டது. "பொம்பளப் பிள்ள இருக்கா?" மீசை வைத்த ஆள் பெண் குரலில் பாடுவது இனி எடுபடாது என்று இரண்டு மூன்று ஊர்களில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் என்னைத் தேடினார்கள். அதாவது, தேவசகாயம் அண்ணனின் இடத்துக்கு. எனக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எந்த இடத்தில் குரலைக் குறைக்க வேண்டும், எந்த எழுத்தை விழுங்கக்கூடாது என்று பொறுமையாகச் சொல்வார். சாக்குப் பை அறைக்குள் நான் சுமாராகப் பாடினேன். "போதும் தங்கச்சி, பைய வந்துரும்" என்பார்.

வரவில்லை. முதல் நிகழ்ச்சி திருச்செந்தூரில் ஒரு கல்யாண மண்டபம். முருகனைக் கும்பிட வந்த வெளியூர்க் கூட்டமும் வாசலில் வந்து நின்றுகொண்டது. எனக்கு முன்னிசை வாசித்து முடித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். காற்றுகூட வெளியே வரவில்லை. அண்ணாச்சி முன்னிசையை இன்னொரு முறை வாசித்தார். அப்போதும் இல்லை. நான் அழப் போகிற நேரத்தில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸுக்குப் பின்னால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சலங்கை தட்டிக்கொண்டிருந்த தேவசகாயம் அண்ணன், கோரஸ் மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார். நான் வாயை அசைத்தேன். யாருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

என்னைக் காப்பாற்ற அவர் அன்றைக்குச் செய்த ஒரு காரியம், அடுத்த வாரத்திலிருந்து எங்கள் குழுவின் ஏற்பாடாகிவிட்டது. கமிட்டிக்கு ஒரு பெண் வேண்டும், நான் நிற்பேன். பாட்டுக்கு ஒரு குரல் வேண்டும், அது பின்னால் இருக்கும். என் கையில் இருக்கிற மைக்கின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் குழுவின் பெயர் எழுதிய துணியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக் கட்டினால் நாற்காலி மறைந்துவிடும். அதில் ஒரு கை அகலம் இடைவெளி விட்டிருப்பார்கள். அவர் அதன் வழியாக என் முதுகைப் பார்த்துக்கொண்டே பாடுவார். "மூச்சு எடுக்கிற எடத்துல தோள லேசாத் தூக்கு தங்கச்சி. நான் அதப் பாத்துதான் அடுத்த வரி எடுப்பேன்" என்று பழக்கினார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் போக இரண்டு மாதம் பயிற்சி செய்தோம். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் தாமதித்தால் அவரும் தாமதிப்பார். யார் யாரைப் பின்தொடர்கிறோம் என்று எனக்கே சில நேரம் தெரியாது. கதிர், நான் சொல்லப் போவதில் மன்னிக்க முடியாத பகுதிகளில் இதுவும் ஒன்று. மெல்ல மெல்ல, நான்தான் பாடுகிறேன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நல்ல நாட்கள் இல்லாமல் இல்லை. உடன்குடியில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் சித்தப்பா, தங்கச்சி குரலுக்கு என்று சொல்லி ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வேனில் அதைத் தேவசகாயம் அண்ணன் பக்கம் நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "குரலுக்குக் கொடுத்தாவ, குரல் திங்குது" என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. கெட்ட நாட்களும் உண்டு. ஜாதிச் சண்டையில் பஸ் ஓடாத வாரங்கள். பேசி வைத்த விழாக்கள் வரிசையாக நின்றுபோகும். ஒருமுறை ஆற்றுப் பாலத்தில் வேனை மறித்து, நீங்கள் யார், எந்தத் தெரு என்று ஒவ்வொருவராக இறக்கிக் கேட்டார்கள். வாத்தியங்களைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். ஒரு மழை நாளில் பதினோரு பேர் முன்னால் மூன்று மணி நேரம் வாசித்தோம். வாசித்ததற்குக் கிடைத்தது வாசித்த சந்தோஷம்தான். நீயும் உன் நண்பர்களும் சனிக்கிழமைகளில் அனுபவிப்பது அதைத்தானே, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அனுப்புகிற வீடியோக்களில் டிரம்ஸ் வாசிக்கிற பையனின் முகம் ஒருமுறைகூட விழவில்லை. நோட்டீஸில் நான்கு பேர் பெயர் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. அவன் அதைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். ஒரு சாயங்காலம் தேவசகாயம் அண்ணன் சொன்னார். ஒத்திகை முடிந்து எல்லோரும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டு, ஒண்ணே ஒண்ணு, நான் முன்னால வந்து பாடுதேனே" என்றார். அண்ணாச்சி தலை நிமிராமல், "நீ முன்னால பாடினா கொரலு தெரிஞ்சு போயிரும்லே. அப்புறம் பிள்ள பாட்டு என்னாவும்?" என்றார். உண்மைதான். ஒரே குரலை இரண்டு பேரிடம் காட்ட முடியாது. என் பெயர் நிலைக்க நிலைக்க, அவர் தன் குரலில் ஒரு வரிகூட வெளியே பாட முடியாமல் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணாச்சி யோசித்திருப்பார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த பொங்கல். காணும் பொங்கல் அன்று சாயங்காலம், ஆற்றங்கரையில் ஓர் ஊரில் விளையாட்டு விழா. ஊர்ப் பெயரை எழுதவில்லை. கபடி முடிந்து, பரிசு கொடுத்து, பொழுது சாய்கிற நேரத்தில் எங்களை ஏற்றினார்கள். பிள்ளைகளும் பெண்களும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது பாட்டு என்னுடையது. பாட்டின் நடுவில் கமிட்டித் தலைவர் மேடையில் ஏறினார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, கையில் பொன்னாடை. பாட்டு முடியும்வரை காத்திருக்கிற வழக்கம் அங்கே கிடையாது. வாத்தியம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே போர்த்துவதுதான் கௌரவம். நேராக வந்து என் தோளில் போர்த்தினார்.

என் வளர்ப்பு அப்படி. மூத்தவர்கள் மரியாதை செய்தால் ஒரு கையால் வாங்கக்கூடாது, குனிந்து இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று மேடையில் அப்படித்தான் கும்பிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கும் யோசிக்கவே இல்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மைக்கை வைத்து, வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, தலையைக் குனிந்து கும்பிட்டேன். தலைவரின் உடம்பு எனக்கும் அந்தத் துணி இடைவெளிக்கும் நடுவில் இருந்தது. தேவசகாயம் அண்ணனுக்கு என் தோள் தெரியவில்லை. கணக்காக அடுத்த வரியை எடுத்தார். நான் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், என் பாட்டு ஊர் முழுக்கக் கேட்கிறது.

முன்வரிசையில் ஒரு பையன்தான் முதலில் சொன்னான். "ஏலே, அக்கா கும்பிடுதா, பாட்டு அது பாட்டுக்குப் பாடுது." மணல் முழுக்கச் சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் ஊர் பார்க்கத் தன் கையால் பொன்னாடை போர்த்திய மனிதர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். நாலைந்து பேர் மேடையைச் சுற்றிப் போய் துணியைக் கிழித்தார்கள். இரும்பு நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. தேவசகாயம் அண்ணனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தார்கள். அவர் இன்னும் மைக்கை விடாமல் பிடித்திருந்தார். ஒரு மேடையின் முன்பக்கத்துக்கு அவர் வந்து இரண்டு வருஷமாகிவிட்டது.

தலைவர் அண்ணாச்சியைக் கேட்கவில்லை. என்னிடம் திரும்பினார். கோபமே இல்லாத குரலில் கேட்டார். "யம்மா, நீ படிச்ச பிள்ள. நீ சொல்லு. யாரு பாடுதது?"

தேவசகாயம் அண்ணன் என்னைப் பார்த்தார். மூச்சு எடுக்கிற இடத்தில் என் தோளைப் பார்ப்பது போல, அடுத்த வரிக்குக் காத்திருப்பது போலப் பார்த்தார். இவர்தான் எங்கள் பாடகர், எப்போதும் இவர்தான் பாடுகிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு பேர் முன்னால் எனக்குக் குரலே வராது என்றுதான் நீ நினைப்பாய். எனக்குக் குரல் வந்தது. தெளிவாக வந்தது.

"நான்தான் பாடுவேன். இவரு எதுக்கு நடுவுல பாடினாருன்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். முதல் அறை அவருடைய இடது காதில் விழுந்தது. "பொம்பளப் பிள்ள பாட்டத் திருடுதியாலே?" என்று யாரோ கேட்டார்கள். நான் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. அவரை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். தலைவர் என் மைக்கின் சுவிட்சைத் தானே தள்ளிவிட்டு, "நீ பாடும்மா. ஊரு பாக்கட்டும்" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் கீபோர்டில் முன்னிசையை ஆரம்பித்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக. நான் பாடினேன். இரண்டு வருஷம் எந்த மேடையிலும் வராத என் சொந்தக் குரல் அன்றைக்கு வந்தது. பின்னால் அடி விழுகிற சத்தம் டிரம்ஸ் நிற்கிற இடங்களில் மட்டும் கேட்டது. அந்த இடங்களில் நான் இன்னும் பலமாகப் பாடினேன். பாட்டு முடிந்ததும் ஊர் கைதட்டியது.

நான் மேடையில் பாடியது அந்த ஒரே ஒரு பாட்டுதான், கதிர்.

திரும்பும்போது அவரும் அதே வேனில்தான் வந்தார். கடைசி இருக்கையில், துண்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. அண்ணாச்சி ஒருமுறை திரும்பி, "ஆஸ்பத்திரிக்குப் போவமா வே?" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி. காலையில அச்சாபீஸ் போணும்" என்று பதில் வந்தது. நான் அவருக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இருந்தேன். எழுந்து பின்னால் போக நான்கு அடி. நான் போகவில்லை. பொன்னாடை என் மடியில் இருந்தது. தெருமுனையில் அவர் இறங்கினார். அதற்குப் பிறகு சைக்கிள் கடை மாடிக்கு அவர் வரவே இல்லை. நானும் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன்.

அதற்கு முன்பே அம்பாசமுத்திரத்தில் ஒரு வரவேற்பில் என்னைப் பார்த்துவிட்டு உன் அப்பா பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பாட்டுக்காரப் பெண் என்றுதான் விசாரித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு மேடையில் பாட மாட்டேன் என்று நானே சொன்னேன். அடக்கமான பெண் என்று இரண்டு வீட்டிலும் மெச்சிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அப்பா வீட்டுக்குள் பாடச் சொல்லுவார். தொண்டை சரியில்லை என்பேன். மூன்றாவது வருஷத்துக்கு மேல் அவர் கேட்கவில்லை. உனக்காக அந்தக் கேசட் ஓடும்போது சில நாள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் கேட்காமல் இருந்தார் என்றால், இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டுக்குள் அந்த மனிதரை நான் தனியாக விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் முதல் மாதத்திலேயே சொல்லிவிடு. அவள் உன்னை ரசிக்கிற விஷயத்தில் பொய் இருந்தால் முக்கியமாக அதைச் சொல். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால், அந்தப் பிறகு வராது.

நீ போன் செய்த மறுநாள் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை போனேன். அச்சகம் இப்போது இல்லை. விசாரித்துக் கண்டுபிடித்தேன். சின்ன வீடு, தனியாக உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை முழுக்க வெள்ளை. நான் பெயரைச் சொன்னதும் வலது பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அடுத்த நொடி, "வா தங்கச்சி" என்றார். இடது காது அன்றைக்கே போய்விட்டதாம். ஒரு காதை வைத்துக்கொண்டு சுருதி சேர்க்க முடியாது என்பதை யாரோ ஒருவருடைய கதை போலச் சொன்னார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நீங்கள் அடி வாங்கியது என்னால்தான் என்று சொல்லி அழுதேன். நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"நீ சொன்னதுக்காகவா அடிச்சாவ? நீ என்ன சொல்லியிருந்தாலும் அடிச்சிருப்பாவ தங்கச்சி. ஊரு ஏமாந்து போச்சுல்லா." கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "ஆனா நீ உள்ளதச் சொல்லியிருந்தியானா, பாட்டுக்காரனா அடி வாங்கியிருப்பேன். திருடனா வாங்கிட்டேன்."

அழைப்பிதழை வாங்கி, உன் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, வர மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

நான் வெளியே வரும்போது அவருடைய மகள் வேலை முடிந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். பெயர் எஸ்தர். அப்பாவை எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேட்டாள். உள்ளே அவ்வளவு அழுதுவிட்டு வந்த என் வாயில் பழைய பொய்தான் முதலில் வந்தது. "நாங்க ஒண்ணா மேடையில பாடினோம்" என்றேன். அவள் சிரித்தாள். "அப்பாவா? கோயில்ல எல்லாரும் பாடையிலகூட வாயத் தொறக்க மாட்டாவளே. அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது."

அவளுக்கு யாரும் சொல்லவில்லை, கதிர். பெற்ற மகளுக்குத் தெரியாது. காது, மாடிப்படியில் விழுந்து போனது என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தக் கேட் பக்கத்தில் நின்று உனக்கு எழுதியது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொன்னேன். பிறகு பாடியதையும், ஊர் கைதட்டியதையும் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னைத் திட்டவில்லை. "இனிமே இங்கன வராதீங்க" என்றாள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவள் "அப்பா" என்று கூப்பிடுவதும், வலது காதுப் பக்கம் போய் இன்னொரு முறை கூப்பிடுவதும் தெருவில் எனக்குக் கேட்டது.

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. உனக்கும் இருக்கிறது. அழைப்பிதழில் என் பெயர் இருக்கிறது என்பதற்காக நீ அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். நான் வரலாமா என்று மட்டும் சொல். வரச் சொன்னால் வருகிறேன். பந்தி பக்கம் நிற்கிறேன், வந்தவர்களைக் கவனித்துக்கொள்கிறேன். மேடைக்கு மட்டும் கூப்பிடாதே.

அம்மா